பஞ்சுத் தலையணை

ஷார்ஜா

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆதித்யாவும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். போனில் பேசினால் ஊரிலிருந்து அம்மாவும் சேர்ந்துகொள்கிறாள், அதனால் தாளில் எழுதி போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன்.

மாடி அறை போட்டோ பார்த்தேன். கூரையை விட்டுத் துருத்தி நிற்கும் அந்த ஜன்னலின் பக்கச் சுவர் இரண்டும் மெலிசு, குளிர் அதன் வழியாகத்தான் இறங்கும், மாப்பிள்ளை குளிர்காலத்துக்கு முன்பே பஞ்சுக் கட்டு வாங்கி அடைப்பது சரிதான். பஞ்சை அமுக்கித் திணிக்க வேண்டாம், மூலையில் சந்து விட வேண்டாம், அறைப் பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி போர்டு அடித்து மூடச் சொல். முகத்தில் மாஸ்க், முழுக்கைச் சட்டை கட்டாயம். ஆனால் இன்னொரு போட்டோவில் ஆதித்யா அந்தப் பஞ்சுக் கட்டின் மேல் படுத்துச் சிரிக்கிறான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது பஞ்சு இல்லை கண்ணு, கண்ணாடி நூல். நீ பிறந்த வருடம் கட்டடச் சுவர்களில் இதை அடைக்கும் வேலைக்கு இங்கே வந்தேன், சைட்டில் எல்லோரும் பஞ்சு என்றார்கள், நானும் நம்பினேன். கை அரித்ததை வேர்க்குரு என்று நினைத்தேன். மிச்சம் விழுந்ததை எடுத்து கேம்ப்பில் உறை தைத்து, முதல் லீவில் உனக்குச் சின்னத் தலையணையாகக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் உன் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, இருமல் நிற்கவில்லை. அம்மா அதை அம்மை என்று வேப்பிலை கட்டி, குளிப்பாட்டாமல், அதே தலையணையில் பதினோரு நாள் கிடத்தினாள். லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பி வந்தபின் அருள்ராஜ் அண்ணன், சைட்டில் மூத்தவர், கண்ணாடியையாடா பிள்ளைக்குக் கொடுத்தே என்று திட்டியபோதுதான் விளங்கியது. தலையணையில் மூட்டைப்பூச்சி இருக்கும், தூக்கிப் போடு என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு உனக்கு வந்த மூச்சு இழுப்பு அதனால்தானா என்று எந்த டாக்டரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தான் ஏதோ குறை வைத்ததால்தான் உனக்கு அம்மை வந்தது என்று உன் அம்மா இருபத்தெட்டு ஆடியாகத் தீ மிதிக்கிறாள். சர்க்கரை வந்த கால், போன ஆடியில் பட்ட புண்ணே ஆறவில்லை, இந்த வருடமும் காப்புக் கட்டிக்கொண்டாள். அடுத்த வெள்ளி தீமிதி. அதற்கு முன் வரும் ஞாயிறு எனக்கு டூட்டி இல்லை, அன்று அவளிடம் எல்லாம் சொல்லிவிடுவேன்.

மூவரும் நூறு வயது இருங்கள். ஆதித்யாவைக் குளிப்பாட்டி, துணியைத் தனியாகத் துவை, மறக்காதே. ஞாயிற்றுக்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை என்றால், பேசச் சொல்லி அவளிடம் கேட்காதே.

உன் அப்பா
உடையப்பன்