முருகேசன் பொறுக்கிய இலுப்பைக் கொட்டை

ஆனி 14

தூறல். எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எங்கள் நாற்றுப்பண்ணைக் கணக்கு சொல்வதற்காக என் மகன் முருகேசன் சொல்லிக்கொடுத்தது.

இப்போது அவன் இல்லை. முந்தாநாள் காலையில் இலுப்பை மரத்தடியில் வௌவால் தின்று போட்ட கொட்டைகளைப் பொறுக்கி, துண்டில் முடிந்து கொண்டுவந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

இலுப்பைக் கொட்டை காயக்கூடாது, புழுங்கவும் கூடாது. உடனே மண்ணில் போடணும். அண்ணனிடம் கேட்டேன்.

"காரியம் முடியற வரைக்கும் தீட்டு வூடுடா. வெதை போடுவாங்களா? புத்தி பேதலிச்சிருச்சா உனக்கு?"

ஆனி 19

வெயில். பால்காரன் வரவில்லை. துண்டு மூட்டை மருமகள் சாந்தியின் தலைமாட்டில். அண்ணனுக்குத் தெரியாமல் போட்டுவிடலாமென்று எடுக்கப் போனேன்.

"அவரு போட்ட முடிச்சுங்க மாமா. காரியம் வரைக்கும் அவுக்காதீங்க."

விட்டுவிட்டேன்.

நாலு வயசில் ஒருநாள் அவனைக் காணோம். ஊரே தேடியது. அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான், வாய் நிறைய இலுப்பைப்பூ.

ஆனி 28

நேற்று காரியம். பந்தல் பிரிக்கணும். அண்டா, நாற்காலி திருப்பணும். சாந்தி துண்டை நீட்டினாள்.

"இப்பப் போடுங்க மாமா. மொளைக்கும்தானுங்களே?"

"மொளைக்கும்மா."

கொல்லையில் அவிழ்த்தேன். ஊளை நாற்றம். எல்லாம் பூசணம், அமுக்கினால் குழைகிறது. ஒன்றாவது தேறுமென்று ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தேன். இல்லை. எருக்குழியில் கொட்டி மூடினேன். துண்டை அலசிக் கொடியில் போட்டேன். அவன் வாசனையும் போயிற்று.

மரத்தடிக்குப் போனேன். கடைசியாக விழுந்த கொட்டைகள் கொஞ்சம் கிடந்தன. பொறுக்கிவந்து, அவன் மண் நிரப்பி வைத்திருந்த பைகளில் ஊன்றினேன். சாந்தியிடம் சொல்லவில்லை.

ஆடி 13

காத்து. குழாயில் தண்ணீர் இல்லை. சாந்திதான் குடத்தில் கொண்டுவந்து பைகளுக்கு ஊற்றினாள். திடீரென்று கூப்பாடு.

"மாமா! ஓடியாங்க! வந்திருச்சுங்க!"

மண்ணைப் பிளந்துகொண்டு முளை. அழுகிறாள், சிரிக்கிறாள். அவள் சிரித்து ஒரு மாசம் ஆச்சு. அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தியாடா? தீட்டு கழிச்சுப் போட்டதாலதான் வந்துச்சு. பெரியவன் சொன்னா கேக்கணும்."

முளை ஒடிந்துவிடுமென்று சாந்தி தொடவில்லை. கையைக் குவித்துக் காற்றுக்கு மறைத்தாள்.

"அவரு கைராசிங்க மாமா. வேற யாரு பொறுக்கியிருந்தாலும் வந்திருக்காதுங்க."

"ஆமாம்மா."

குடம் காலி. தண்ணிக்குப் போகணும்.