லென்ஸைக் கீழே போட்டவள்

மைனி,

போன செவ்வாய்க்கிழமை சமையலறையில் என் கையிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளர் நழுவி விழுந்தது. முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தாமலே, "லென்ஸு விழுந்துதா?" என்றார். வருஷக்கணக்கான பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. கேட்டுச் சிரிக்க நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் இறந்து அன்றைக்கு நாற்பத்தொரு நாள்; அண்ணனுக்குத் துணையாக நான் இங்கே வந்து தங்கியிருக்கிறேன். நான் தம்ளரைக் குனிந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த வீட்டில் எது கீழே விழுந்தாலும் அந்தக் கேள்வி வரும். தட்டு விழுந்தால், தேங்காய் விழுந்தால், யாரோ படியில் வழுக்கினால்கூட வரும். நீங்கள் சிரிப்பீர்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அண்ணன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த காமிரா. திரும்பிப் போகும்போது உங்களுக்கு ஏழாம் மாதம். "பிள்ள பெறந்தா படம் எடுத்து அனுப்பணும், கேட்டியா" என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அப்போது திருவனந்தபுரத்தில் டைப்பிஸ்ட். காலை ரயிலுக்குப் பாறசாலைக்கு ஓடி, சாயந்திரம் நம் ஊர் கொல்லயிலுக்குத் திரும்பி வருவேன். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயது. மைனியும் நாத்தனாரும் எப்போது சண்டை போடுவோம் என்று அக்கம்பக்கம் காத்திருந்தது. நாமோ எறும்பைப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டோம்.

தொடங்கியது நீங்கள்தான். லென்ஸைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தவர், அதைப் பின்பக்கமாகக் கண்ணில் வைத்து உங்கள் விரலைப் பார்த்தீர்கள். "எட்டி, இஞ்ச வா. இந்த ரேகையப் பாரு, உழுது போட்ட வயலு போல கெடக்கு" என்றீர்கள். அன்றிலிருந்து லென்ஸைத் திருப்பி, காமிராவின் வாயோடு கையால் சேர்த்துப் பிடித்து, வெளிச்சம் கசியாமல் கறுப்புத் துணி சுற்றி, பயற்றங்கொடியின் முன்னால் போய் உட்கார்ந்தோம். ஒரு தபால்தலை அளவு இடம்தான் அதில் தெரியும். அந்த இடத்துக்குள் ஒரு எறும்பு யானை மாதிரி வந்து நிற்கும். அம்மை தலையில் அடித்துக்கொள்வாள். "நெறவயித்துக்காரி புழுவ நோக்கிட்டு இருக்கா. பொறக்கப்போறது என்னத்தையாக்கும் போல இருக்கப்போவுதோ" என்பாள்.

முதல் ரோலில் முப்பத்தாறுக்குத் தேறியது மூன்று. எறும்பின் பின்னங்கால் துல்லியமாக இருந்தது, முகம் வெறும் புகை. நெய்யாற்றின்கரை ஸ்டுடியோக்காரர், "இது எந்தா சேச்சீ?" என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவமானத்தோடு பஸ் ஏறினோம். வரும் வழியெல்லாம் நீங்கள் யோசித்தீர்கள். அவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் வளையத்தைத் திருகிப் பிரயோஜனமில்லை, உடம்போடு ஒரு நெல்மணி அளவு முன்னும் பின்னும் அசைந்துதான் தெளிவைப் பிடிக்க வேண்டும் என்று உதியன்குளங்கரை தாண்டும்போது சொன்னீர்கள். லென்ஸின் துளையைப் பெரிதாகத் திறந்துவைத்துப் பூச்சியின் கண்ணைத் தேட வேண்டும். பிறகு துளை சுருங்கும்படி பதினொன்று என்ற எண்ணுக்குத் திருக வேண்டும். பார்வை இருட்டினாலும் பயப்படாமல், அசையாமல் அமுக்க வேண்டும். இருட்டுக்கு மாற்றாக நான் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி விடுவேன். வெயில் சுள்ளென்று விழாமலிருக்க நடுவில் உங்கள் மெல்லிய நேரியதுத் துணியைத் திரைபோலப் பிடிப்பேன். காற்றடித்தால் குடை. பனி காயும் முன் போனால் பூச்சிகள் விறைத்து, சொன்னபடி உட்கார்ந்திருக்கும். "கண்ணு தெளிஞ்சா மதி மக்கா. மிச்சம் மங்கினாலும் உயிரு உண்டு" என்பீர்கள். அடுத்த ரோலில் பத்தொன்பது தேறியது. எனக்குக் கை நடுங்கும். உங்களுக்கு அந்த வயிற்றோடும் நடுங்காது.

பேறுகாலத்துக்கு நீங்கள் விளவங்கோட்டுக்கு, உங்கள் அம்மை வீட்டுக்குப் போனீர்கள். காமிரா இங்கேயே இருந்தது. மூன்று மாதப் பிள்ளையோடு திரும்பி வந்த அன்றைக்கு அவளைப் படம் எடுக்கப் புது ரோல் மாட்டினோம். கல்ஃபுக்குப் போகிற ஒருவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பெற்ற பிள்ளையை அண்ணன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

நீங்கள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். துவைக்கிற கல்லின் ஓரத்தில் ஒரு குதிக்கும் சிலந்தி, முன்பக்கத்து நாலு கண்ணையும் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. ஒன்றே ஒன்று எடுத்துவிடலாம் என்று லென்ஸைத் திருப்பிப் பிடித்து நெருங்கினேன். அது தாவி என் விரல்மேல் ஏறிற்று. கையை உதறினேன். லென்ஸ் கல்லில் மோதித் தெறித்தது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் காமிராவில் மாட்டுகிற இரும்பு வளையம் நெளிந்து, அதற்குப் பிறகு பொருந்தவே இல்லை.

நான் அழுதேன். நீங்கள் ஈரக்கையோடு வந்து, வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மைட்ட ஒண்ணும் மிண்டாத. எனக்க கையில இருந்து விழுந்ததுன்னு உனக்க அண்ணனுக்கு நான் எழுதியாச்சுன்னு வச்சுக்க" என்றீர்கள். வேண்டாம் என்றேன். உறுதியாகச் சொல்லவில்லை, பேருக்குத்தான் சொன்னேன். "அவரு என்னை ஏசினா அனுப்புற ஒரு கேசட்டுல தீரும். உன்னை ஏசினா அம்மை தீர விடமாட்டா" என்றீர்கள்.

நேராக மாட்ட முடியாத லென்ஸால் முழுப் பிள்ளையை எப்படி எடுப்பது? திருப்பிப் பிடித்துத்தான் எடுத்தீர்கள். செவிமடல், கண்ணிமை, சுருட்டிய விரல்கள், இன்னும் மண்ணை மிதிக்காத குதிகால். பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து, நான் கண்ணாடி பிடிக்க, முப்பத்தாறும் அவளே. நம் படங்களிலேயே ஆகச் சிறந்தவை அவைதான். முகத்துக்கு ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் கடிதத்தோடு கொடுத்தனுப்பினீர்கள்.

பதில் கேசட்டாக வந்தது. கல்ஃப் கேசட் என்றால் வீட்டோடு உட்கார்ந்து கேட்பதுதானே வழக்கம். ஆராதனை முடிந்து சபையிலிருந்து வந்த கையோடு அம்மை, பக்கத்து வீட்டு இரண்டு பெண்கள், நான், மடியில் பிள்ளையோடு நீங்கள். எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு அண்ணன் குரல் மாறியது. "ஒரு சாதனத்த பத்திரமா சூச்சிக்கத் தெரியாதவளுக்க கையில எனக்க பிள்ளைய விட்டுட்டு நான் இஞ்ச கெடக்கேன். நினைச்சா ஒறக்கம் வரல்ல."

அடுத்த வீட்டுக்காரி உங்கள் மடியைப் பார்த்தாள். பிள்ளையைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் வெளுத்துப்போயின. நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நிமிஷம் அது. டேப் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பக்கம் முடிந்ததும் நீங்களே எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட்டீர்கள். மறுபக்கத்தில் அந்தக் குதிகால் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பதாகச் சொல்லி அண்ணன் அழுதார். அதைக் கேட்டு எல்லோரும் அழுதார்கள், நீங்கள் மட்டும் அழவில்லை.

ஒரு கேசட்டில் தீரவில்லை, மைனி. நீங்கள் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அம்மை, "பாத்துப் பிடி" என்று சொல்லத் தொடங்கினாள். அடுத்த லீவில் வந்த அண்ணன் லென்ஸைச் சரிசெய்து காமிராவை என் கையில் கொடுத்தார். "இவளுக்க கையில நிக்காது. நீ வச்சுக்க, உனக்கு சிரத்தை உண்டு" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேனே. பிறகு நான் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுக்குக் கண்ணாடியும் குடையும் பிடித்தது நீங்கள். தும்பியின் இறகு நரம்பை நான் எடுத்ததைக் கல்யாணமாகிப் போன வீட்டில் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே தடவை, "நான் ஒண்ணு எடுத்துப் பாக்கட்டா?" என்று கேட்டீர்கள். ரோல் முடிந்துவிட்டது என்றேன். இரண்டு படம் மிச்சமிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்பதே ஒரு குற்றச்சாட்டாகப் பட்டதோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை தம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். "அண்ணா, லென்ஸைப் போட்டது நான்" என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. சிலந்தியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"அவ ஒருக்கா கூட மறுத்துச் சொல்லல்லியே" என்றார். கீழே கிடந்த பேப்பரை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்துவிட்டு, "கடைசிவரை நான் அவள இதச் சொல்லித்தான் களியாக்கிச் சிரிச்சேன். ஆஸ்பத்திரியில கூட, மருந்துக் குப்பி விழுந்தப்பம் சொன்னேன். அவ சிரிச்சா" என்றார். பிறகு எழுபது வயது மனிதர் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். "இத ரெண்டு மாசம் முன்ன சொல்லியிருக்கப்பிடாதா? இனி நான் யாருட்ட போய்ச் சொல்லுவேன்?"

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாமல் நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.