தூண்டில் நரம்பு போட்ட கிட்டார்

ஜூலை 3, செவ்வாய்

காற்று விடவில்லை. காரைக்காலில் எங்கள் கோவில்பத்து முழுக்க மண். காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். ஐஸ் கம்பெனியில் மறுபடி மோட்டார் மக்கர். படகுக்காரர்கள் என் மேசையைச் சுற்றி நின்று கத்தினார்கள், கணக்கு எழுதுகிற நான்தான் ஐஸை வீட்டில் ஒளித்து வைத்திருப்பது போல.

வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்தேன். முதல் கம்பி, இருப்பதிலேயே மெல்லியது, திருகை முறுக்கும்போது அறுந்து கன்னத்தில் அடித்தது. உப்புக்காற்று, துரு. ரத்தம் இல்லை. பயம்தான்.

ஏனென்றால் கிட்டார் என்னுடையது அல்ல, மகன் அருணுடையது. சிவப்பு நிறம். முதுகில் சீனாவில் செய்தது என்று ஒரு தகடு. சாதிக் பாயின் ஃபாரின் சாமான் கடையில் பார்த்துவிட்டு, ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்து வாங்கிக்கொண்டான். கரண்ட் கிட்டார். சத்தம் வரத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். பெட்டி அப்புறம் என்றேன். அந்த அப்புறம் வருவதற்குள் அவனும் அவன் அம்மா சாந்தியும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். சாந்தியின் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அதனால் அவளுக்கும் பிள்ளைக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை. எனக்கு விசா வர வேண்டும். வரும் என்கிறார்கள்.

"அப்பா, யாரும் தொடக்கூடாது. நீங்களுந்தான்." வேனில் ஏறும்போது சொன்னது. தீபாவளி வரை தொடவில்லை. அப்புறம் தூசி தட்டத் தொட்டேன். இப்போது தினமும். கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. அவன் விரல் வைத்த இடங்கள் எனக்கு நினைவிருந்தன, அவ்வளவுதான்.

லீவுக்கு வருகிறார்கள். அதற்குள் கம்பி மாற்ற வேண்டும்.

இரவு: சோறு, நேற்றைய ரசம், சுட்ட அப்பளம்.

ஜூலை 5, வியாழன்

சாதிக் பாய் கடைக்குப் போனேன். ஷாம்பு, டார்ச், கோடாலித் தைலம் எல்லாம் இருக்கிறது. கிட்டார் கம்பி இல்லை.

"தனிக் கம்பி வராது சார். அடுத்த மாசம் சிங்கப்பூர்ல வேல பாக்குற சபராளி ஒருத்தர் ஊருக்கு வர்றாரு, சொல்லி வுடுறேன், இன்ஷா அல்லாஹ். பையனுக்கா?"

"ஆமா பாய், பையனுக்கு."

அடுத்த மாதம் வரை யார் பொறுப்பது.

காரைக்கால்மேட்டு மாரியப்பன் ஐஸ் ஏற்ற வந்தவன், கன்னத்தைப் பார்த்துவிட்டான். "என்ன சார் கீறல்? அக்காதான் ஊர்ல இல்லியே!" பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுருக்கீங்க?" என்று படகுக்குப் போய்த் தூண்டில் நரம்பு ஒரு சுருள் கொண்டுவந்து கொடுத்தான். "வஞ்சிரமே அறுக்காது. உங்க விரலா அறுத்துடப்போவுது?"

மாட்டியாயிற்று. முடிச்சு மட்டும் மாரி சொல்லிக்கொடுத்தபடி. முறுக்க முறுக்க இழுபட்டுக்கொண்டே போனது, கடைசியில் நின்றது. சத்தம் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. மோசமில்லை.

பெட்டி இல்லாத கரண்ட் கிட்டார் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. மேல் விளிம்பில் தாடையை அழுத்திக்கொண்டு வாசித்தால் மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும். எனக்கு மட்டும். ஊரில் இப்படி ஒரு கச்சேரி நடப்பது மாரியைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஜூலை 8, ஞாயிறு

வீட்டில் சேர்த்து வைத்திருப்பவை:
தலையணை இரண்டு (புதுசு)
கொசுவலை
வடுமாங்காய்
சீடை. டப்பாவில் போட்டு டேப் ஒட்டியாயிற்று
அருணுக்கு லுங்கி. இப்போது உயரம் எவ்வளவோ

நாலு மணிக்கு வழக்கம்போல் சாந்தி போன். லீவுக்கு இரண்டு பேரும் வரவில்லை. அவள் வேலை பார்க்கும் கடையில் லீவு தரவில்லையாம். அருணுக்கு ஃபுட்பால் கேம்ப்பாம். "அடுத்த வருஷம் கண்டிப்பாங்க. கோவமா?" கோபமில்லை என்றேன். கோபமில்லைதான். அதற்குப் பெயர் வேறு.

அருணைக் கூப்பிடச் சொன்னேன். "சாப்பிட்டியாடா?" "வுய்." "பள்ளிக்கூடம் முடிஞ்சிடுச்சா?" "வுய்ப்பா." ஆமாம் என்பது இப்போது பிரெஞ்சில்தான். கிட்டார் எப்படி இருக்கிறது என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நண்பர்கள் வாசலில் நிற்கிறார்களாம்.

சீடை டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நமத்துவிட்டது.

ஜூலை 9, திங்கள்

மோட்டார் சரி. மழை வருவது போல் இருந்து வரவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா யாரிடமோ: "அந்த ஐஸ் கம்பெனி சாரு தனியா ஒக்காந்து ஏதோ டிக்கு டிக்குன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. கொசு பேட்டா என்னன்னு தெரியல. பாவம், அந்தக்கா இல்லாம மனுஷனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஆக, கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது.

தனியாக இருக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. யார் படிக்கப்போகிறார்கள். தனியாகத்தான் இருக்கிறேன். வீட்டில் பேச்சுக்குரல் வேண்டும் என்று செய்தி வாசிப்பைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நிற்கிறேன்.

ஒன்று தோன்றியது. 22ஆம் தேதி அருணுக்குப் பிறந்தநாள். பதினைந்து முடிகிறது. ஞாயிறும்கூட. போனில் அவன் மெட்டை வாசித்துக் காட்டினால் என்ன? அவனாகக் கட்டிய மெட்டு அது. தடித்த கம்பியில் தொடங்கி ஏறி ஏறி வந்து முதல் கம்பியில் மூன்று தரம் கூப்பிடும். பிறகு இறங்கப் பார்க்கும். சரியாக அந்த இடத்தில்தான் சாந்தி "சாப்பிட வாடா" என்பாள். தினமும் அங்கேயே நின்றுபோகும். அதனால் அதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. நான் இந்த ஆறு ஏழு மாதத்தில் ஒரு முடிவு போட்டு வைத்திருக்கிறேன்.

தொட்டது தெரிந்துவிடும். திட்டட்டும். திட்டினாலும் நாலு வார்த்தை பேசுவான் அல்லவா.

ஜூலை 14, சனி

பதினாலு ஜூலை, பிரெஞ்சு தேசிய நாள். சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வரிசையாக நின்று பிரெஞ்சு தேசப் பாட்டு. மாமனார் இருந்தவரை நானும் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு போவேன். பழக்கத்தில் இந்த வருடமும் போய் ஓரமாக நின்றேன். மைக் செட் கலியமூர்த்தி. பாட்டு பாதியில் ஊளையிட்டது, ஓடிப்போய்க் குமிழைத் திருகினார்.

கண்டவர் எல்லாம் ஒரே கேள்வி. "நீங்க எப்ப பாரீஸு?" விசா வரும், வரும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலி.

ஜூலை 15, ஞாயிறு

போனில் சாந்தியிடம் வெள்ளோட்டம். "ஒரு நிமிஷம் இத கேளு" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு வாசித்தேன். எடுத்தால், "ஒண்ணுமே கேக்கலைங்க. கரகரங்குது. ஃபேன நிறுத்திட்டுப் பேசுங்க."

கேட்கச் சொன்னது கிட்டாரை என்று சொல்லவில்லை. பூனை என்றேன். அவளும் நம்பினாள்.

பெட்டி வேண்டும்.

ஜூலை 16, திங்கள்

கலியமூர்த்தியிடம் போனேன். சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, ஞாயிறு தரலாம், சனிக்கிழமை கொண்டுவந்து போட்டுப் பாருங்கள் என்றார். எதற்கு என்று கேட்டார். பையன் பிறந்தநாள் என்றேன். "பையன் வந்துட்டானா சார்?" இல்லை, போனில் என்றேன். வாடகை பேச வாயெடுத்தபோது, "அதெல்லாம் இருக்கட்டும், போங்க சார்" என்றார். பாவப்படுகிறார். பட்டுக்கொள்ளட்டும்.

மாரியிடமும் போன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் பழக்கம். விரல் நுனி காய்த்துவிட்டது. பில் எழுதும்போது பேனா இருப்பது தெரிவதில்லை.

ஜூலை 21, சனி

கிட்டாரைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி சைக்கிளில் வைத்துக் கட்டி எடுத்துப்போனேன். கலியமூர்த்தி ஒயரைச் செருகினார். ஐந்தாம் கம்பியைத் தொட்டதும் கடை அதிர்ந்தது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். இவ்வளவு நாள் மண்டைக்குள் மட்டும் இருந்தது ரோட்டுக்கு வந்துவிட்டது.

மெட்டை எடுத்தேன். ஏறியது, ஏறியது. முதல் கம்பி. ஒன்றுமில்லை. மூன்று தரமும் ஒன்றுமில்லை. படியேறுகிறவன் மேல்படி இல்லாத இடத்தில் காலை வைத்தது போல.

"ஒயர் லூசா இருக்கும்," என்று கலியமூர்த்தி ஆட்டிப் பார்த்தார். வேறு ஒயர் போட்டார். மற்ற ஐந்தும் முழங்குகின்றன, அது மட்டும் மூச்சு விடவில்லை. பெட்டியை அணைத்துவிட்டுத் தட்டினால் மெல்லக் கேட்கிறது. இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. யோசித்துக்கொண்டே சைக்கிள் சாவியைக் கம்பிகளின் மேல் வைத்தேன். அடியில் இருக்கும் பட்டை அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. காந்தம். இரும்புக் கம்பி ஆடினால்தான் அதற்குத் தெரியும். தூண்டில் நரம்பு நைலான், எவ்வளவு ஆடினாலும் தெரியாது.

"அட!" என்றார் கலியமூர்த்தி. "நாளைக்குள்ள கம்பிக்கு எங்க போறது சார்? அந்த ஒண்ண வுட்டுட்டு வாசிங்களேன்."

அந்த ஒன்றில்தான் மெட்டே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது எதிர்க்காற்று.

சாப்பிடவில்லை. மாரி மேல் கோபம் வந்தது. அவன் என்ன செய்வான்.

ஜூலை 22, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். அருண் பெயருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் கேட்டபோது சட்டென்று ஞாபகம் வரவில்லை. நல்ல அப்பன் நான்.

பாயசம் வைத்தேன், ஒரு டம்ளர். மத்தியானம் கிட்டாரில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் பொறி தட்டியது. என் எலும்புக்குக் கேட்பது போனுக்குக் கேட்காதா?

மாரி கொடுத்த நரம்பில் மீதி இருந்தது. ரிசீவரின் பேசும் பக்கம் மரத்தில் அழுந்தும்படி கிட்டாரோடு வைத்து இறுக்கிக் கட்டினேன். அதே முடிச்சு. யாராவது பார்த்தால் கதை முடிந்தது.

நாலு மணிக்கு மணி அடித்தது. கிட்டாரோடு சேர்த்துத் தூக்கிக் காதில் வைத்தேன். நல்ல வேளை, அருணே பேசினான். பேசும் பக்கம் மூடியிருந்ததால் கத்தி வாழ்த்தினேன். "ஒண்ணு வாசிக்கிறேன். முடியிற வரைக்கும் நீ பேசினா எனக்குக் கேக்காது. வச்சிடாதே."

மடியில் வைத்து வாசித்தேன். ஆரம்பம் கொஞ்சம் பிசகியது. ஏறியது. முதல் கம்பி மூன்று தரமும் கூப்பிட்டது, சுத்தமாக. சாந்தி சாப்பிடக் கூப்பிடும் இடம் வந்தது. நிற்காமல் தாண்டி என் முடிவுக்கு இறங்கினேன். இவ்வளவு நேரமும் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறானா, வைத்துவிட்டானா, எதுவும் தெரியாது. இவ்வளவு பயந்து எதையும் செய்ததில்லை.

தூக்கிக் காதில் வைத்தேன்.

"அப்பா?"

"இருக்கியா? கேட்டிச்சா?"

"கேட்டிச்சு. நீங்களா வாசிச்சீங்க? எப்பப்பா கத்துக்கிட்டீங்க?" திட்டவில்லை. சிரித்தான். "செமையா இருந்துச்சு. கடைசில வந்துச்சே, அது ரொம்ப நல்லாருந்துச்சு. யாரு பாட்டுப்பா இது?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாடவில்லை.

உன்னுடையதுதானடா என்று வாய் வரை வந்துவிட்டது. பிறந்தநாள் அதுவுமாகப் பிள்ளையை எதற்குச் சங்கடப்படுத்துவது.

"சும்மா. நானாப் போட்டது," என்றேன்.

"சூப்பர்ப்பா! அப்ப கிட்டார நீங்களே வச்சுக்குங்க. எனக்கு இங்க நேரமே இல்ல."

அப்புறம் சாந்தி பேசினாள். என்ன பேசினாள் என்று நினைவில்லை. பாயசத்தைக் குடித்தேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். அழுதுகொண்டே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழவில்லை, அரிவாள்மணையில் அறுத்தேன்.

ஜூலை 23, திங்கள்

காற்று குறைவு. காலையில் மாரி, "என்ன சார், பாட்டு கேட்டானா பையன்?" கேட்டான் என்றேன். ஐஸ் ஏற்றி அனுப்பினேன்.

சாயங்காலம் சாதிக் பாய் கடை. கம்பி முழு செட்டாகச் சொல்லிவிடச் சொன்னேன். ஆறும்.

"பையனுக்குத்தானே சார்?"

"இல்ல பாய். எனக்கு."