டேல் ஸ்டானெக்கின் உறை

ஹார்லன் க்ரீக்
நவம்பர் 9, 2006

அன்புள்ள டெஸ்ஸா,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ஈராக்கிலிருந்து உன் பதில் வரப் பன்னிரண்டு நாளாகிறது, பன்னிரண்டு நாளில் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்பா கூரையை மாற்றிவிட்டார், நாய்க்குக் காது ஆறிவிட்டது, உன்னோடு போருக்குக் கிளம்பிப் போன டேலை அடக்கம் செய்துவிட்டோம். தேர்தலில் நின்ற கர்னல் ப்ராட்டி பழைய போரின் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்து, நம் ஓட்டுரிமைக்காக இந்தப் பையன் உயிரைக் கொடுத்தான் என்று குழியருகே பேசினார். எல்லோரும் அழுதோம்.

தேர்தல் அலுவலகத்தில் என் வேலை உனக்குத் தெரியும். தினமும் காலையில் செய்தித்தாளின் இரங்கல் பக்கத்தை வைத்துக்கொண்டு தபால் ஓட்டு உறைகளைப் பார்ப்பேன், தேர்தல் நாளுக்கு முன் இறந்தவர் உறையைப் பிரிக்காமலே தள்ளிவிட வேண்டும், நம் மாநிலச் சட்டம் அது. பதினாறு வருடமாகக் கிழவர்களைத்தான் தள்ளியிருக்கிறேன். டேலின் உறையில் சாட்சிக் கையெழுத்து உன்னுடையது, அதன் மேல்தான் செல்லாது என்ற முத்திரையைக் குத்தினேன். உன் உறையில் சாட்சி அவன். அது செல்லும், சாட்சி செத்தால் சட்டத்துக்குக் கவலையில்லை. கடைசி நாள்வரை காத்திருக்காமல் சீக்கிரம் அனுப்புங்கள் என்று உங்கள் இருவருக்கும் எழுதியவளும் நான்தான்.

தேர்தலன்று காலை அவன் அப்பா ஆர்வில் அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டோடு வந்து நின்றார். உறையை எண்ணுவேனா என்று கேட்டார், சட்டத்தைச் சொன்னேன். "எழுதும்போது அவன் உயிரோடதான இருந்தான் மார்லிஸ்?" என்றார். கர்னலின் ஆள் ஒருவன் காப்பி குடித்தபடி, செத்த பையன் ஓட்டு எங்களுக்குத்தானே விழுந்திருக்கும், எண்ணிவிடுங்களேன் என்று சிரித்தான். ஆர்வில் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. "உன் பொண்ணும் என் பையனும் ஒரே நாள்ல தபால்ல போட்டாங்க. உன் பொண்ணோடத எண்ணுவ, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

மதியம் அறையில் நான் மட்டும் இருந்தேன். அவன் உறையைப் பிரித்துச் சீட்டை மற்றவற்றோடு சேர்த்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சேர்க்கவில்லை. நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் என் கை உன் உறையைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டது. அது எண்ணப்போகும் கட்டுக்குள் இருந்த நிம்மதி எனக்கு. அந்த நிம்மதி காலையிலேயே ஆர்விலின் கண்ணில் பட்டிருக்கும்.

கர்னல் ஜெயித்துவிட்டார். வெற்றி மேடையில் டேல் பெயரை மூன்று தடவை சொன்னார், ஆர்விலைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் கைதட்டும்போது அவர் கோட்டுப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் போருக்குப் போய் வந்தவனுக்கு நாற்காலி கிடைக்கிறது, வராதவனுக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை.

ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். அடுத்த தேர்தலுக்குக் கையெழுத்தும் தேதியும் சரியாகப் போடு, வேறொரு சாட்சியைப் பிடி. தேர்தலன்று உயிரோடு இரு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
மார்லிஸ்