நாலாம் நம்பர் பாட்டில்

பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் காலை ஆறு மணிக்கே ஏரிக்குப் போனேன். ஐந்து இடம், ஐந்து பாட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நான்காவது இடம் சலவைக்கடைக்குப் பின்னால். முட்டி வரைக்கும் சேறு. ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. ஏரியே வைத்துக்கொள்ளட்டும், இன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

நாலாம் நம்பரில் பாஸ்பேட் மற்ற இடங்களைவிட ஒன்பது மடங்கு. ஆறு வாரமாக இதே கதை. பாஸ்பேட் என்றால் சோப்பு. ஏரியில் பாசி மண்டவைப்பதே அதுதான். சோப்பு என்றால் வேறு யார், சலவைக்கடைதான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

நாற்பத்து நாலு வயதில் எதற்கு முதுகலை, அதுவும் சுற்றுச்சூழல் என்று கேட்டார்களே, இப்போது கேட்கட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு என்னைவிட எட்டு வயது சின்னவர். வகுப்பே என்னை ஆன்ட்டி என்று கூப்பிட, அவர் மட்டும் பெயர் சொல்லி, "நீங்க" போட்டுப் பேசுவார். இன்று கேட்டார்: "பாட்டில்ல சுத்தமான தண்ணி ஊத்தி அதையும் ஒரு தடவை சோதிச்சீங்களா?"

"ஆறு வாரமா ஒரே மாதிரி வருது மேடம், இதுக்கு மேல என்ன?" என்றேன். நேராக ஏரி பராமரிப்பு ஆபீசுக்குப் போய்ப் புகார்க் கடிதம் கொடுத்துவிட்டேன்.

வரும் வழியில் சலவைக்கடைக்காரர் வாசலில் நின்றார். "எங்க தண்ணியில அப்படி என்னங்க இருக்கு?" என்றார். "ஆபீஸ்ல சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். என்ன மிடுக்கு எனக்கு!

பிப்ரவரி 12, புதன்

கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதினேழாம் தேதி விசாரணை. நிரூபணமானால் கடையை மூடிவிடுவார்களாம். எட்டுப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கைடு விடவில்லை. சரி, செய்து காட்டிவிடுவோம் என்று ஐந்து பாட்டிலிலும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சோதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து — ஒன்றுமே இல்லை.

நாலில் பாஸ்பேட்!

சுத்த நீரில் எங்கிருந்து வரும்? மறுபடி செய்தேன். மறுபடியும் வந்தது. அப்படியென்றால் இது ஏரியிலிருந்தும் வரவில்லை, கடையிலிருந்தும் வரவில்லை. பாட்டிலிலேயே இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கையில் பாட்டிலைப் பார்த்ததும், "குடு குடு, கழுவிடறேன்" என்று கையை நீட்டினார்.

"கழுவறீங்களா? எதுல?"

"சோப்புத்தூள்லதான். மத்ததெல்லாம் பளிச்சுனு இருக்கு. இந்த நாலாம் நம்பர் மட்டும் எப்பவும் சேறும் நாத்தமுமா வருது. நீ களைச்சுப்போய் வர்றியே, நம்மால ஆனதுன்னு..."

துணிக்குப் போடுகிற சோப்புத்தூள்! ஆறு வாரம்! தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுதேன், பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. அவர் பயந்துபோய் அந்தச் சோப்புக் கையோடே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இந்த மனுஷனை என்ன செய்ய? அவர் செய்ததில் அன்பைத் தவிர ஒன்றுமில்லை. அவசரப்பட்டது நான்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாளை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். படிப்பையே நிறுத்தச் சொல்லிவிட்டால்? சொல்லாமல் இருந்தால் ஒரு கடை போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "நானும் வரேன், கழுவினவன் நான்தானே" என்கிறார் அவர்.

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லிவிட்டேன்! எல்லாவற்றையும், எழுந்து நின்று.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ தப்பு யார் மேலம்மா?"

"என் மேல சார். பாட்டிலைச் சரிபார்க்காமலே புகார் குடுத்துட்டேன்." சலவைக்கடைக்காரர் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "எந்தச் சோப்புத்தூள்?"

இவர் பிராண்டுப் பேரைச் சொன்னார்.

"அய்யே! அது எத்தனை தடவை அலசினாலும் போகாதேங்க. அதையா வீட்டுல வாங்கறீங்க?"

அறையே சிரித்தது. உடன் வந்திருந்த கைடு கூட வாயைப் பொத்திக்கொண்டார். புகார் ரத்து. வெளியே வந்ததும் கடைக்காரர் சொன்னார்: "எங்க வாய்க்கால்லயே வந்து எடுத்துப் பாருங்க. எனக்கும் தெரியணும். ஆனா பாட்டிலை யார் கழுவறாங்கன்னு முதல்ல சொல்லிடுங்க."

மார்ச் 3, திங்கள்

புதுப் பாட்டில்கள். கடை வாசலில் வாய்க்கால் தண்ணீரில் பாஸ்பேட் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதே தண்ணீர் ஏரியைத் தொடும் இடத்தில் முக்கால்வாசி காணோம்! நடுவே என்ன இருக்கிறது? ஆளுயரக் கோரைப் புல், தானாக முளைத்தது. பாஸ்பேட்டை அதுதான் உறிஞ்சிக்கொள்கிறது!

"அதையா? கொசு வருதுன்னு அடுத்த வாரம் வெட்டலாம்னு இருந்தேன்" என்றார் கடைக்காரர்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே இஸ்திரி போடுகிறவர் பெட்டியோடு வெளியே வந்துவிட்டார்.

ஏப்ரல் 12, சனி

ஆய்வின் தலைப்பே மாறிவிட்டது. என் முழு ஆய்வும் இப்போது அந்தக் கோரையைப் பற்றித்தான். கடைக்காரர் ஓரத்தில் இன்னும் இரண்டு வரிசை நட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் சமையலறைச் சுவரில் சீட்டு ஒட்டியிருக்கிறார்: "அவள் பாட்டில் — தொட்டால் தொலைந்தேன்."

ஜூன் 20, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "பாட்டிலையே சோதிச்ச அந்த அத்தியாயம் ரொம்ப நல்லா இருக்கு. எப்படித் தோணுச்சு?" கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் இருமினார். கைடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். தேறிவிட்டேன்!

நேற்று சலவைக்கடைக்காரர் என் வெள்ளைக் கோட்டைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார். காலையில் மடிப்புக் கலையாமல் வந்தது. தேர்வு முடிந்து கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் கோட்டுப் பையில் கையை விட்டேன். ஒரு துண்டுச் சீட்டு இருந்தது:

"நல்ல சோப்புதான் போட்டிருக்கேன். துவைச்ச தண்ணியும் கோரை வழியாத்தான் போச்சு."