நகரத்துக் கோழி முட்டை

ஃபெராரா,
அக்டோபர் 9, 1983

கடல் கடந்து ரொசாரியோவில் இருக்கும் தங்கை நீவெஸுக்கு அக்காள் ஆர்ஜியா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன் மூச்சிரைப்பு தேவலையா?

நாம் பிறந்த மாளிகையை நகரசபை அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டது. வாடகைக்கு இருந்த பதினோரு குடித்தனமும் துணி உலர்த்திய பழைய பிரபுவின் விருந்துக்கூடத்தில் இப்போது சீட்டு வாங்கினால்தான் நுழையலாம். போன ஞாயிறு பேத்தி மிரெல்லா அழைத்துப்போனாள். விதானத்து ஓவியத்தைப் பார்த்து, "பாட்டி, யாழ் வச்சிருக்கற பொண்ணு என்ன அழகு பாரேன்" என்றாள். அது நீ. கால் வலிக்கிறது என்று சொல்லி அவளை வெளியே இழுத்து வந்துவிட்டேன்.

நீ மறந்திருப்பாய். ஈரம் அரித்து அழிந்த அந்த முகத்தைத் திரும்ப வரைய ஓவியன் லௌரோ வந்தது முப்பத்தேழாம் வருஷம். "சின்னப் பொண்ணு முகத்துக்கு வண்ணம் குழைக்க நகரத்துக் கோழி முட்டைதான் ஆகும், ஆர்ஜியா. கிராமத்து முட்டைக் கரு சிவப்பு, கிழவன் தோலுக்குத்தான் லாயக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். என் முகம்தான் வரப்போகிறது என்று நம்பி, நாற்பது நாள் வீடு வீடாக அலைந்து வெளிர்க் கரு முட்டையாகப் பொறுக்கிக் கொடுத்தேன். சாரம் பிரித்த அன்று அண்ணாந்து பார்த்தால் உன் மூக்கு. "எனக்கே தெரியாதுக்கா" என்றாய். இன்றைக்கும் அதை நான் நம்பவில்லை. அவனும் போரில் போய்ச்சேர்ந்தான். உனக்குமில்லை, எனக்குமில்லை.

செவ்வாயன்று அருங்காட்சியக இயக்குநர் அம்மாள் வீடு தேடி வந்தாள். "அந்த முகம் பிற்காலத்துப் பூச்சும்மா. வரைஞ்சது யாரு, யார் முகம்னு தெரிஞ்சா விட்டுவைப்போம். இல்லேன்னா சுரண்டிடுவோம். நீங்க அங்க பொறந்தவங்களாமே?" என்றாள். தெரியாது என்றேன். ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லை. சொன்னபோது நாக்கு இனித்தது, உன்னிடம் மறைப்பானேன்.

நேற்று விலாங்கு வாங்கப் போனவள் அங்கே நுழைந்துவிட்டேன். சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நீ பதினேழு வயதில் உட்கார்ந்திருந்தாய். அந்த மூக்கும் போய்விட்டால் நான் யாரோடு மல்லுக்கட்டுவது? நேரே அந்த அம்மாளிடம் போய் இரண்டு பெயரையும் சொல்லிவிட்டேன். முட்டை யார் கொடுத்தது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஆதாரம் கேட்கிறாள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள்வரை பொறுப்பாளாம். அந்த வருஷம் நாம் இருவரும் நின்று எடுத்த புகைப்படத்தில், என்னிடம் இருந்த பிரதியில் உன் பாதியை அடுப்பில் போட்டது உனக்கே தெரியும். உன்னுடையதை அனுப்பு. என் பாதியை நீ வெட்டியிருந்தாலும் பரவாயில்லை. தபாலை நம்ப முடியாது; உடம்பு இடம் கொடுத்தால் நீயே கொண்டுவா. மாதா உன் நெஞ்சுக்குத் துணையிருக்கட்டும்.

இன்னும் மன்னிக்காத அக்காள்,
ஆர்ஜியா