கரை ஒயரும் பத்து விரலும்

மே 20, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று துளிகூட இல்லை. மல்லிப்பட்டினம் வந்து மூன்றாம் நாள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. எனக்கும் சிகிச்சைக்குப் பின் ஓய்வு. ஒன்றுக்கொன்று துணை.

தஞ்சாவூர் டாக்டர் சொன்னது: கட்டி போய்விட்டது. மருந்து ஏற்றியதில் விரல் நுனிகள் மரத்துவிட்டன. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். விரல்களுக்கு வேலை கொடுங்கள். என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. தம்பி சேகருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"சும்மாதானக்கா உக்காந்திருக்கப் போற. இந்த ஒயரெல்லாம் தொடச்சுக் குடு."

சாக்கைக் கொட்டினான். சார்ஜர் ஒயர், விளக்கு ஒயர், வயர்லெஸ் ஒயர், கயிறுகள், பித்தளைக் கொக்கிகள். எல்லாம் ஒரே நிறம். டீசல், தார், மீன் எண்ணெய், உப்பு. எது ஒயர், எது கயிறு என்பதற்கு அவன் வாய்மொழிதான் ஆதாரம்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. சாக்பீஸ் பிடிக்க முடிய வேண்டும். இப்போது பிடித்தால், பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மிகவும் சந்தோஷப்படும்.

நன்றி: உயிரோடு இருப்பதற்கு. வஞ்சிர மீன் குழம்புக்கு. (தடைக்காலத்தில் வஞ்சிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.)

மே 21, புதன்

வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கிழிந்த பனியன், பழைய பல் துலக்கி. கயிற்றுக்குத் தேங்காய் நார். தண்ணீர் சூடா என்று முழங்கையால் பார்க்கிறேன், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல.

மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் இளகிவிடும் என்றேன். படித்தவள் சொல்கிறாள் என்று விட்டுவிட்டான். ஒயரில் எனக்கு அப்படி ஒரு படிப்பும் கிடையாது. நான் சரித்திர ஆசிரியை.

சார்ஜர் பிளக்கில் பல வருஷத்து ஆயுத பூஜை இருந்தது. சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் கிரீஸ், மறுபடி சந்தனம். என் தொழிலுக்கு நெருங்கிய வேலை.

"பிளக்குக்கு எதுக்குடா பொட்டு?"

"இன்ஜினுக்கு வச்சிட்டு அதுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

பல் துலக்கி தேய்ந்துவிட்டது. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மே 22, வியாழன்

மாலை சேகரின் படகுக்குப் போனேன். தளத்தை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். வெறுங்கால். தடுமாறி, வலை இழுக்கும் வின்ச்சின் இரும்பைப் பிடித்தேன்.

விரல் நுனியில் ஓர் ஊறல். எறும்பு ஊர்வதுபோல. கையை எடுத்தேன். நின்றது. வைத்தேன். மறுபடி.

மாதக்கணக்கில் இல்லாதது. கண்ணில் உப்புக் காற்று பட்டுவிட்டது என்று எழுதி வைக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றி ஆண்டுதோறும் மேடையேறிப் பேசுகிறவள்.

நன்றி: வின்ச்சுக்கு.

மே 23, வெள்ளி

சொல்லிவிட்டேன். சேகர் படகில் டிரைவராக இருக்கும் மாணிக்கத்திடம்தான் முதலில்.

அவர் பீடியை அணைத்தார். "டீச்சர், அது எல்லாருக்குமே ஊறும்."

"எல்லாருக்கும்னா?"

"வின்ச்சத் தொட்டா லேசா கரண்டு வரும். தடைக்குப் படக இங்க கட்டிப் போட்டதுலேருந்தே வருது. செருப்பு போட்டுக்கிட்டா தெரியாது. நல்ல கரண்டுதான், ஒண்ணும் பண்ணாது."

நல்ல கரண்டு. புதிதாக வருகிறவர்களிடம் வீட்டு நாயைப் பற்றிச் சொல்வோமே, அந்தத் தொனி.

ஆக, ஊறியது விரல் இல்லை, வின்ச். துறைமுகத்துக் கம்பத்திலிருந்து படகுக்குக் கரண்டு வரும் நீள ஒயரை மாணிக்கத்திடம் பிடுங்கச் சொன்னேன். அவர் பிடுங்கினார், செருப்போடு.

சேகர் ஓடிவந்தான். "வெல்டிங் ஆள் வந்து நிக்கிறாருக்கா."

"நிக்கட்டும். படுத்துடக் கூடாதில்ல."

கரை ஒயரை வலைக் கொட்டகைக்கு இழுத்துப் போய்ச் சோப்புத் துணியால் துடைத்தேன். விரலை நம்ப முடியாது. அதனால் துடைத்த பகுதியை முன்கையின் உள்பக்கம் வைத்து மெல்ல இழுத்தேன். பாதிக்கு மேல் போனதும் ஒரு புடைப்பு. வின்ச்சின் காலில் சாய்ந்து கிடந்த இடம். தாரைச் சுரண்டினேன். ரப்பர் வெடித்து, செம்புக்கம்பி பச்சை பூத்து வெளியே தெரிந்தது. வெடிப்பின் மேல் பிளாஸ்டிக் பை, பையின் மேல் வலை நூல் கட்டு, கட்டின் மேல் சந்தனப் பொட்டு. மூன்றடுக்குப் பாதுகாப்பு.

சேகர் குனிந்து அதைப் பார்த்தான்.

"நான் கட்டுனதுதான்க்கா."

"தெரியுது. பொட்டு நேரா இருக்கு."

தினமும் இராத்திரி அவன் அந்தத் தளத்தில்தான் பாய் விரிக்கிறான், வின்ச்சுக்குத் தலை வைத்து. அரிவாளை எடுத்து, யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு இரத்தம் கொடுத்தவன். ஊசியைப் பார்த்தால் மயங்குகிறவன், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தான். இன்று அது ஞாபகம் வந்தது.

மே 24, சனி

பட்டுக்கோட்டையிலிருந்து புது ஒயர். இரும்பில் படாமல் மேலே தூக்கிக் கட்டியாயிற்று. பொட்டு கம்பத்துக்கு மட்டும், சமரசம்.

வின்ச்சைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இவ்வளவு நல்ல செய்திக்கு இவ்வளவு வருத்தப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மாணிக்கமும் தொட்டார். "என்னமோ மாதிரி இருக்கு டீச்சர். உசுரு இல்லாத மாதிரி."

விரல் நன்றாக இருந்திருந்தால் நானும் எல்லாரையும்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பேன், வெடிப்பு தெரிந்திருக்காது. நன்றி என்று எழுத வேண்டிய இடம். எழுதுகிறேன், முழு மனதில்லாமல்.

மே 26, திங்கள்

மேகமூட்டம். நேற்று எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை.

மிச்சம் பித்தளைக் கொக்கிகள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். நாலாவது கொக்கியில் இடது ஆள்காட்டி விரலில் என்னவோ.

உடனே நம்பவில்லை, அனுபவம். செருப்பைப் போட்டேன். பக்கத்தில் ஒயர் ஏதும் உண்டா என்று பார்த்தேன். மாணிக்கத்தைக் கூப்பிட்டுக் கொக்கியைத் தொடச் சொன்னேன்.

"ஒண்ணுமில்லையே டீச்சர்."

"ஊறல?"

"ஊறல."

விரலைத் திருப்பினேன். கொக்கியின் பிசிறு கிழித்த சின்னக் கீறல், அதில் புளி, அதில் உப்பு. எரிகிறது. நன்றாகவே எரிகிறது.

சேகர் சொம்போடு ஓடிவந்தான். "ரத்தம் வருதுக்கா. கையக் காட்டு, தண்ணி ஊத்துறேன்."

"இருடா. கொஞ்ச நேரம் எரியட்டும்."